காலி விறகுப் பெட்டி

தனாயியின் கால் பனிக்குள் போனதற்கு ருஜேரோவின் அவசரம்தான் காரணம். மரப்பலகை போட்ட பாதை சுற்று என்று சொல்லி, உறைந்த சதுப்பின் குறுக்கே எங்களை இழுத்துக்கொண்டு போனான். வெளிச்சம் போவதற்குள் அருவியைப் படம் எடுக்க வேண்டுமாம். பனிக்கட்டி உடைந்து, அவள் ஒரு கால் முழங்கால்வரை சதுப்புத் தண்ணீருக்குள் போய்விட்டது.

இருவரும் ஒரு பருவம் படிக்க, வடக்குப் பனிதேசத்து ட்ரோண்ட்ஹெய்ம் நகரத்துக்கு வந்தவர்கள். அவன் இத்தாலிக்காரன், அவள் கிரேக்கத்துப் பெண். நான் கிங்கா, போலந்திலிருந்து வந்து இங்கே மூன்றாவது வருடம் படிக்கிறேன். மூவருக்கும் ஒரே விடுதி, ஒரே சமையலறை. வார இறுதி வந்தால் ருஜேரோவுக்குக் கால் தரையில் நிற்காது. ஓர் ஊரில் இறங்குவான், நாலு படம் எடுப்பான், அடுத்த ரயிலுக்கு ஓடுவான். பந்தியில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போகிற ஜென்மம்.

மாணவர் சங்கத்தின் காட்டுக் குடிலை நாங்கள் எட்டியபோது தனாயிக்குப் பல் தந்தியடித்தது. நான் கவலைப்படவில்லை. இந்தக் குடில்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிறவர்கள், வரப்போகிறவர்களுக்காக விறகைப் பிளந்து அடுப்புப் பக்கத்துப் பெட்டியை நிரப்பிவிட்டுத்தான் போவார்கள். தீப்பெட்டியைக்கூடப் பாதி திறந்து, குச்சிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பார்கள். விறைத்த விரலால் தீப்பெட்டியைத் திறக்க முடியாது.

பெட்டியில் ஒரு சிராய்கூட இல்லை.

"எந்த நாசமாப் போனவன் இப்படிப் பண்ணான்?" என்று கத்தினேன். வெளியே பனிக்கடியில் கிடந்த கட்டைகளைக் கொண்டுவந்து பற்றவைத்தேன். புகைதான் வந்தது.

"விடு கிங்கா, எனக்கு ஒண்ணுமில்ல. கால்ல வலியே தெரியல" என்றாள் தனாயி.

குளிரில் வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து; சதை உறைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். காலுறையை உருவிப் பார்த்தேன். விரல்கள் மெழுகாய் வெளுத்திருந்தன.

"மெழுகுவத்தி ஏத்தட்டுமா?" என்ற ருஜேரோ, இருட்டில் கதவு நிலைக்கு மேலே கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தான். தேடவே இல்லை.

"அது அங்க இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

அவன் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல?"

"போன வாரம் வேற பசங்களோட வந்தேன். மூடுபனி, அருவி சரியா விழல படத்துல. அதான் மறுபடியும்..."

"விறகு?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு கிங்கா. அதுக்கப்புறம் யாராவது வந்து நிரப்பியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"யாராவதா? யாருடா அந்த யாராவது? உங்க வீட்டு வேலைக்காரனா? பெட்டி காலின்னு தெரிஞ்சும் இவள நீ கூட்டிட்டு வந்திருக்க!"

அவனை இழுத்துத் தனாயியின் எதிரே உட்கார வைத்தேன்.

"சட்டையத் தூக்கு."

"என்னது?"

"தூக்குடா!"

உடம்புச் சூடு ஏறட்டும் என்று தனாயியின் பாதத்தை எடுத்து அவன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்தினேன். ஐயோ என்று அலறினான். "அசைஞ்ச, கொன்னுடுவேன்" என்றேன். அவன் பையைத் திறந்தேன். காலையில் சந்தையில் தன் அம்மாவுக்கென்று வாங்கிய பூ வரைந்த பழைய மரப்பெட்டி உள்ளே இருந்தது. நன்றாக உலர்ந்த பைன் மரம்.

"கிங்கா, வேண்டாம். அது எங்கம்மாவுக்கு!"

"இவளுக்கும் ஒரு அம்மா இருக்காங்க."

குடிலில் இருந்த கோடரியால் ஒரே போடு. எனக்குத் துளி வருத்தம் இல்லை, இன்றுவரை இல்லை. சிராய் சிராயாய்ப் பிளந்து அடுப்பில் வைத்தேன். நீலப் பூக்கள் சடசடவென்று பற்றிக்கொண்டன. அந்தச் சூட்டில் ஈரக்கட்டைகளும் மெல்லப் பிடித்தன. கொஞ்ச நேரத்தில் தனாயி காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். விரல்களில் ஊசி குத்துகிறதாம். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

காலையில் கோடரியை ருஜேரோ கையில் கொடுத்தேன்.

"அருவி..." என்று ஆரம்பித்தான்.

"அருவி எங்கயும் ஓடிப்போகாது. வெட்டு."

வெட்டினான். உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தது. என்னிடம் காட்டினான், நான் பார்க்கவில்லை. தனாயி அடுப்பருகே உட்கார்ந்தபடியே தீப்பெட்டியைப் பாதி திறந்து, குச்சிகளை ஒவ்வொன்றாக வெளியே நீட்டி வைத்தாள்.

முக்கால் பெட்டி நிறைந்ததும் ருஜேரோ போனை எடுத்தான். விறகு முன்னால் குந்தி, கோடரியைத் தோளில் சாய்த்து, பல்லைக் காட்டினான். "அடுத்து வர்றவங்களுக்காக, அப்படின்னு எழுதிப் போடலாம், இல்ல?"

நேற்று விடு, ஒண்ணுமில்ல என்று சொன்ன தனாயி காலுறையைக் கழற்றினாள். சிவந்து வீங்கிய பாதத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதையும் சேத்துப் போடு."

அவன் போனைப் பைக்குள் வைத்தான். அவன் தோளிலிருந்து சரிந்து விழுந்திருந்த கோடரியை எடுத்து மறுபடி அவன் கையில் கொடுத்தேன். பெட்டி இன்னும் நிறையவில்லை.