சைபர் ரூபாய் ஆறுமுகத்தாய்

எங்கள் பம்பு கம்பெனிக்கு மூளை வந்தது 1967இல். அதுவரை செம்பூரில் நானூறு பேர் மூளை இல்லாமலேதான் பம்பு செய்து, விற்று, லாபமும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூளையைக் கொண்டுவந்தவர் பஞ்சாபகேசன். அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு மாதுங்காவுக்குத் திரும்பியவர். எந்தக் காரியத்தை எவ்வளவு குறைந்த செலவில் முடிக்கலாம் என்று கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்வது அவர் உத்தியோகம். கம்ப்யூட்டர் எங்களிடம் கிடையாது. கோட்டைப் பக்கம் ஒரு கட்டடத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓடியது. குறைந்த செலவைக் கண்டுபிடிக்க அவர் செய்த செலவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதல் பலி காண்டீன். அங்கே ஸ்டோர்ஸ் குமாஸ்தா நான், நாகலக்ஷ்மி. சமையல் அய்யாத்துரை, தாராவிக்காரர். அவருக்குக் கீழே ஐந்து ஆட்கள். அப்புறம் அவர் மனைவி ஆறுமுகத்தாய். மாவு அரைப்பது, எண்ணூறு இட்லி ஊற்றி எடுப்பது, சட்னி எல்லாம் அவள் கைதான். சம்பளம்தான் கிடையாது. புருஷனோடு கூட வருகிறாள் என்று ஆரம்பத்தில் எவனோ எழுதி வைத்துவிட்டான். சம்பளம் கேட்டு வருஷத்துக்கு ஒரு மனு, மூன்று வருஷமாக நான்தான் எழுதிக் கொடுத்தேன். ‘அய்யாத்துரையின் சம்பளத்தில் அடக்கம்’ என்று மூன்று முறையும் பதில் வந்தது. அய்யாத்துரையின் சம்பளத்தில் அவர் டீயும் பீடியுமே அடங்காது.

“மஸ்டர்ல எம் பேரு ஏறணும்மா, அம்புட்டுத்தான்” என்பாள் ஆறுமுகத்தாய். நானும் ஒவ்வொரு வருஷமும் அந்த ஆள் பதிவேட்டில் பேர் ஏறிவிடும் என்று சொல்லிப் பொய்க்காரியானேன்.

பஞ்சாபகேசன் முதலில் சாப்பாட்டில் கை வைத்தார். “மெஷினுக்கு நாக்கு கிடையாது. அதுதான் அதோட பெருமை” என்றார். எந்தப் பண்டத்தில் எவ்வளவு சத்து என்பதை அவர் புத்தகத்தில் பார்த்துக்கொள்வார். மாதுங்கா மார்க்கெட்டில் என்ன விலை என்பதை நான் எழுதித் தர வேண்டும். எழுபத்திரண்டு பண்டத்துக்கு எழுதினேன். கறிவேப்பிலைக்கு நேரே சைபர் போட்டேன். பின்னே? காய் வாங்கினால் ஒரு கொத்து சும்மாதானே போடுகிறான்! உண்மையை எழுதச் சொன்னார், எழுதினேன்.

மூன்றாம் நாள், ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அகலக் காகிதத்தோடு ஓடி வந்தார். அரிசி சைபர். பருப்பு சைபர். காய் சைபர். ஆளுக்கு ஒரு வேளைக்குத் தொள்ளாயிரம் கிராம் கறிவேப்பிலை. செலவும் சைபர்.

“இதைவிடக் கம்மியா உலகத்துல ஒருத்தராலயும் சமைக்க முடியாது” என்றார். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

“சார், மாடுகூட இவ்வளவு…”

“சத்தெல்லாம் சரியா வந்திருக்கு, பாருங்கோ. இரும்பு வேண்டியதுக்கு மேலேயே இருக்கு.”

“தாளிக்க எண்ணெயாவது உண்டுமா சார்?” என்று அய்யாத்துரை கேட்டார். அதுவும் சைபர்தான்.

நிஜமாகவே என்னை டாக்ஸியில் ஏற்றி மார்க்கெட்டுக்கு அனுப்பினார். காய்க்கார ஜம்புவிடம், “தினம் முந்நூத்தறுபது கிலோ கறிவேப்பிலை, சும்மா வேணும்” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஒரு கொத்துன்னா சும்மா. இதுக்கு கிலோ ரெண்டு ரூபா. ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானேம்மா?”

விலை வந்ததும் மெஷின் கறிவேப்பிலையைக் கைவிட்டது. அதற்குப் பதிலாகத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சிபாரிசு செய்தது. அதை மானேஜிங் டைரக்டரிடம் காட்டும் தைரியம் பஞ்சாபகேசனுக்கே வரவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டு ஆட்களிடம் வந்தார்.

ஒரு வாரம் கையில் கடிகாரத்தோடு அடுப்படியில் நின்றார். யார் எந்த வேலையை எத்தனை நிமிஷத்தில் செய்கிறார்கள், யாருக்கு என்ன சம்பளம் என்று கட்டம் கட்டமாக நிரப்பினார். ஐந்து ஆட்களுக்கும் தொண்ணூறு தொண்ணூறு ரூபாய். ஆறுமுகத்தாய்க்கு நேரே சைபர்.

மெஷின் பதில் சொல்லிற்று. எல்லா வேலையும் ஆறுமுகத்தாய்க்கு. தினம் அறுபத்தோரு மணி நேரம். மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், அய்யாத்துரை உள்பட.

“ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணிதான்னு அதுக்குச் சொல்ல மறந்துட்டேன்” என்றார் பஞ்சாபகேசன். யாருக்கும் பதினாலு மணிக்கு மேல் கூடாது என்று பெரிய மனசு பண்ணி ஒரு வரம்பு போட்டார். இந்தத் தடவை, ஆறுமுகத்தாய் பதினாலு மணி நேரம், இரண்டு ஆட்களுக்கு வேலை இல்லை என்று வந்தது. “இது பிரமாதம்!” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறிவேப்பிலைக்கு விலை கேட்க டாக்ஸி வைத்து அனுப்பின மனுஷன், பத்தடி தள்ளி மாவாட்டுகிறவளிடம் விலை கேட்க வாயைத் திறக்கவில்லை! நானே போய்க் கேட்டேன். “மத்த ஆளுகளுக்கு என்னவோ அதே, தொண்ணூறு” என்றாள். வந்து, கட்டத்தில் சைபரை அடித்துவிட்டுத் தொண்ணூறு என்று எழுதினேன்.

பஞ்சாபகேசன் என் தொண்ணூறை அடித்து மறுபடி சைபர் போட்டார். “அவா ஆத்துக்காரரோட வரா. இல்லாத சம்பளத்தை எழுதினா மெஷின் தப்பாச் சொல்லும். கணக்குன்னா கணக்கு, நாகலக்ஷ்மி.”

ஆறுமுகத்தாயிடம் ஒளிக்காமல் சொன்னேன். மாவுக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“கணக்குல நான் சைபருன்னா, நான் வரலைன்னாலும் கணக்கு கொறையாதுல்லாம்மா?”

“குறையாது” என்றேன்.

மறுநாள் அய்யாத்துரை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். எட்டரைக்கு மணி அடித்தது. நானூறு தட்டு காத்திருந்தது, இட்லி இல்லை. மேசையில் தட்டைத் தட்டுகிற சத்தம் மாடியில் மானேஜிங் டைரக்டர் அறைவரை கேட்டது. பஞ்சாபகேசன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

“யாரு வரலை? யாரு வரலை?”

“கணக்குப்படி எல்லாரும் வந்தாச்சு சார்” என்றேன். அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைப்பானேன்!

ஒன்பதரைக்கு மானேஜிங் டைரக்டரின் சொந்தக் காரில் பஞ்சாபகேசனும் நானும் தாராவிக்குப் போனோம். ஆறுமுகத்தாய் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பஞ்சாபகேசன் காகிதத்தை நீட்டினார். சைபரை அடித்துத் தொண்ணூறு போட்டு, பக்கத்தில் டைரக்டர் கையெழுத்தும் இருந்தது.

“மஸ்டர்ல பேர் ஏறியாச்சும்மா. வண்டில ஏறுங்கோ, சீக்கிரம்.”

அவள் என்னைப் பார்த்தாள். “தொண்ணூறுன்னா எழுதியிருக்கு?”

“ஆமாம்.”

“அது நேத்தைய வெலைல்லா சார்” என்று ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். “இன்னைக்கி நூத்திப்பத்து.”

பஞ்சாபகேசன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். நான் என்னுடையதைக் கொடுத்தேன்.