மூப்பர் கையால் இரண்டு சொட்டு

அன்று எங்கள் வண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், ஹிலாரியோன் கலிசாயா, எங்கள் சபையின் மூத்த மூப்பர். என் மனைவி ஃபோர்துனாத்தா. எங்கள் ஒரே மகள் தெபோராள், அன்றைய மணப்பெண். வண்டியை ஓட்டியவன் என் தங்கை மகன் வில்பெர். வண்டிக்கு வெளியே, சாலையில் குவித்த கற்களுக்கு அந்தப் பக்கம், மறியலுக்குத் தலைமை தாங்கி நின்றவன் தொரிபியோ லாருத்தா. அவனோடு பத்துப் பன்னிரண்டு ஆண்களும், டயர் எரிந்த நெருப்பைச் சுற்றிச் சில பெண்களும் இருந்தார்கள். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் வேறு ஒருவரும் அங்கே இல்லை. தாங்களும் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னவர்கள் பார்க்கவில்லை.

டீசல் கிடைக்கவில்லை என்று அந்த வாரம் மேட்டு நிலம் முழுவதும் மறியல். கல்யாணமோ ஏரிக்கரை ஊரில், மாப்பிள்ளை யோவேலின் சபையில். சட்டப்படி முதலில் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் ஆலயத்தில் ஆசீர்வாதம். பதிவாளர் அந்த ஊருக்கு மாதம் ஒருநாள் வருவார், வெயில் சாயும்போது தன் மோட்டார் சைக்கிளில் திரும்பிவிடுவார். இந்தக் கல்யாணத்தை ஏற்கெனவே ஒருமுறை நான் தள்ளிவைத்திருந்தேன். யோவேலின் தகப்பன் ஊர்த் திருவிழாவில் முகமூடி போட்டு ஆடியதாகக் கேள்விப்பட்டபோது, அந்த மனிதன் சபைமுன் வந்து அறிக்கை செய்யும்வரை பெண் கிடையாது என்று சொன்னேன். அவன் அறிக்கை செய்தான். ஆனால் மாப்பிள்ளையின் தாய் சந்தையில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னொரு தடவை தள்ளிப் போச்சுன்னா கலிசாயா வீட்டுப் பொண்ணு அவங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். தெபோராளுக்கு முப்பத்து நான்கு வயது.

முதல் கல்வரிசையைக் கடக்க எங்களை ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். கடந்ததும் பின்னால் மூடிவிட்டார்கள். முன்னால் அடுத்த வரிசை. திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. எங்களுக்கு முன்னால் உருளைக்கிழங்கு லாரி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கினார், தொரிபியோ நீட்டிய சாராயப் போத்தலை வாங்கினார், மூடியில் கொஞ்சம் ஊற்றித் தரையில் இரண்டு சொட்டுத் தெளித்தார். பூமித்தாய்க்கு முதல் பங்கு. அதைக் கொடுத்தவன் மறியலுக்கு நம் ஆள் என்று கணக்கு. கல்லை விலக்கினார்கள், லாரி போயிற்று, கல் மறுபடி வந்து விழுந்தது.

பிறகு தொரிபியோ எங்கள் ஜன்னலுக்கு வந்தான்.

"அடடே, மூப்பரே! ஸ்தோத்திரம். கல்யாண வண்டியா? பீர் எத்தனை பெட்டி இருக்கு?"

"எங்க கல்யாணத்துல பீர் கிடையாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் தெரியும். டீயும் ரொட்டியும். தாகத்தோட ஆரம்பிச்சுத் தாகத்தோட முடியற கல்யாணம்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் போத்தலை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "வில்பெர் ஊத்தினா எனக்கு வேணாம். அக்கா ஊத்தினாலும் வேணாம். மூப்பர் கையால ரெண்டு சொட்டு. வண்டி போகலாம்."

"என் கை அதைச் செய்யாது."

"அப்போ மோசே கோலை எடுத்துட்டு வந்திருக்கணும். கல்லு தானா விலகியிருக்கும்."

என் தகப்பனார் எங்கள் பகுதியில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒருவர். அதற்காக ஊரார் அவருடைய விதைக்கிழங்கைச் சேமிப்புக் குழியிலிருந்து எடுத்து ஆட்டுக்குப் போட்டார்கள். விதைப்புக்கு முன் தரைக்குச் சாராயம் ஊற்றினால் போதும், பழையபடி எல்லாம் தருகிறோம் என்றார்கள். அவர் ஊற்றவில்லை. அந்த வருடம் அடுத்தவர் வயல்களில் அறுப்புக்குப் பிறகு கிளறிப் பொறுக்கியதைத்தான் சாப்பிட்டோம். அப்படிக் காத்த பெயரை, ஒரு சாலையின் நடுவில், டயர்ப் புகையில், இரண்டு சொட்டுக்குக் கொடுத்துவிட எனக்கு உரிமை இல்லை. அது என்னுடைய பெயர் மட்டும் அல்ல.

"கர்த்தர் இந்த வழியை அறிவார்" என்று வண்டிக்குள் இருந்தவர்களிடம் சொன்னேன். "அவர் அனுமதிக்காம ஒரு கல்லும் இங்க வந்திருக்காது. அவரே திறப்பார். காத்திருப்போம்."

காத்திருந்தோம். ஜெபித்தோம். முதலில் நான் சத்தமாக, பிறகு ஃபோர்துனாத்தா, பிறகு ஒவ்வொருவரும் மனதுக்குள். வெயில் ஏறியது, ஆனால் காற்று ஜன்னல் இடுக்குகளில் கத்திபோல் வந்தது. தெபோராள் தன் வெள்ளைப் பாவாடை கசங்கக் கூடாதென்று இருக்கை நுனியில், முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். தலையில் புதுத் தொப்பி. வண்டிக் கூரை தாழ்வு என்பதால் கழுத்தை வளைத்து வைத்திருந்தாள். அந்த வளைந்த கழுத்தை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபோர்துனாத்தா துணி மூட்டையை அவிழ்த்து வேகவைத்த அவரையும் பாலாடைக் கட்டியும் எடுத்தாள். யாரும் சாப்பிடவில்லை. தொலைபேசியில் யோவேல் இரண்டுமுறை கூப்பிட்டான்; அதன் பிறகு சிக்னல் கிடைக்கவில்லை.

"அப்பா" என்றாள் தெபோராள், நெடுநேரத்துக்குப் பிறகு. "இந்தக் கல்லை வெச்சது கர்த்தரா, தொரிபியோவா?"

"தொரிபியோ கை. கர்த்தர் அனுமதி."

"அன்னிக்குக் கல்யாணத்தைத் தள்ளிவெச்சது?"

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துச் சாலையைப் பார்த்தேன்.

"அதுவும் கர்த்தர் அனுமதிதானே அப்பா? உங்க கை."

"அத்தை, இவளைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்றான் வில்பெர், எனக்குப் பயந்து.

ஃபோர்துனாத்தா சொன்னாள்: "ஏன், சரியாத்தானே கேக்கறா? இந்த மனுஷன் பரலோக வாசலுக்குப் போனாக்கூட உள்ள போக மாட்டாரு. வரிசை ஒழுங்கா இருக்கான்னு வெளியவே நின்னு பாப்பாரு."

கோபம் வரவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். ஆலயக் கூரையிலிருந்து விழுந்த நாளிலிருந்து என் இடுப்பு வெகுதூரம் நடக்க விடாது. கற்கள்வரை போய் நின்றேன். முன்னால் சாலை நேராகப் போய் வானத்தில் முட்டியது. பின்னாலும் அப்படியே. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் இல்லாத, ஒளிய இடமில்லாத நிலம். அதில் நான் வண்டி நீளத்துக்கு முன்னும் பின்னும் நடக்கலாம், அவ்வளவுதான்.

தொரிபியோ கல்மேல் உட்கார்ந்து கோக்கா இலை மென்றுகொண்டிருந்தான். ஒருகாலத்தில் எங்கள் ஆலயத்தில் கிதார் வாசித்தவன். தன் தம்பியின் கல்யாணத்தில் அவன் குடித்தான் என்று தெரிந்ததும் அவனைச் சபை ஒழுங்கில் வைத்தோம்: கடைசிப் பலகையில் உட்கார வேண்டும், கிதாரைத் தொடக் கூடாது, திருவிருந்து கிடையாது, ஒருவரும் கைகொடுக்கக் கூடாது. ஒழுங்கு முடியும்போது மூத்த மூப்பர் கடைசிப் பலகைக்குப் போய், கையைப் பிடித்து, முன்னால் அழைத்து வர வேண்டும். அதுதான் முறை. எங்களில் எல்லோருக்கும் ஒரே முறை. என் சொந்தத் தம்பியையும் அந்தப் பலகையில் உட்காரவைத்திருக்கிறேன்.

"மூப்பரே, ஒண்ணு கேக்கணும்" என்றான். குரலில் கேலி இல்லை. "என் ஒழுங்கு எப்ப முடிஞ்சது?"

"நீ வராம போயிட்ட."

"ஒரு வருஷம் வந்தேன். மழைக்கும் வந்தேன், அறுப்புக்கும் வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நீங்க எந்திரிக்கும்போது, இன்னிக்கு என்கிட்ட வருவீங்கன்னு கையைப் பாவாடையில தொடைக்கற பொம்பளை மாதிரி கால்சட்டையில தொடைச்சு வெச்சுக்குவேன். நீங்க காணிக்கைப் பையை எடுக்கப் போவீங்க."

"மனந்திரும்பினதுக்குக் கனி தெரியணும்னு காத்திருந்தேன்."

"நானும்தான்" என்றான். எழுந்து நெருப்புப் பக்கம் போனான்.

நான் வண்டிக்குத் திரும்பியபோது தெபோராள் இறங்கி நின்றிருந்தாள். வெள்ளைக் காலணியைப் பையில் போட்டுவிட்டு, தாயின் பழைய ரப்பர்ச் செருப்பைப் போட்டிருந்தாள். ஃபோர்துனாத்தா சாக்லெட் நிறப் போர்வையில் மூட்டையைச் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நடந்து போறவங்களை நிறுத்த மாட்டாங்களாம்" என்றாள் தெபோராள். "வழியில மாட்டு வண்டியோ சைக்கிளோ கிடைக்கும். நீங்க ஜெபம் பண்ணிட்டு இருங்க அப்பா."

"தகப்பன் இல்லாம ஒரு பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நிக்கறதா? நம்ம வீட்டுல அப்படி நடந்ததில்லை."

"நடக்கறதெல்லாம் அவர் கையிலன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்தீங்களே. நான் நம்பறேன். நிஜமாவே நம்பறேன். அதனாலதான் போறேன்." அவள் குனிந்தாள். தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன். தொப்பி குறுக்கே வந்தது; அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அதன்மேலேயே கை வைத்தேன்.

அவர்கள் கற்களின் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். மறியல் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், ஒருத்தி, "மகராசியா இரு தாயி!" என்று கத்தினாள். எங்கள் நிலத்தில் ஒருவர் போய்விட்டார் என்று ஆக வெகுநேரம் பிடிக்கும். வெள்ளைப் பாவாடை விரல் அளவாகி, அரிசி அளவாகி, பிறகும் அங்கேயே இருந்தது. ஒருவேளை இல்லாதபோதும் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

பிற்பகலில் மலைப் பக்கம் கறுத்து, ஆலங்கட்டி மழை வந்தது. மறியல்காரர்கள் தார்ப்பாய்க்குள் ஓடினார்கள். நான் வண்டிக்குள் முழங்காலில் நிற்க முடியாமல் இருக்கையில் குனிந்து, "ஆண்டவரே, அவர்கள் தலைக்கு மேல் கூரையில்லை, வழியைத் திறவும்" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். எந்தக் கையால் திறவும் என்று நான் சொல்லவில்லை.

நிமிர்ந்தபோது தொரிபியோ ஆலங்கட்டியில் தனியாக நின்று கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். பெரிய கற்கள். ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. தார்ப்பாய்க்குள்ளிருந்து யாரோ, "டேய், என்னடா பண்றே, உனக்குப் பைத்தியமா?" என்றான். அவன் அடுத்த கல்லுக்குக் குனிந்தான். ஒரு வண்டி அகலம் ஆனதும் ஜன்னலில் வந்து தட்டினான். விரல்களில் ரத்தமும் சேறும்.

"கிளம்புங்க. சொட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அக்கா நனையறாங்க."

வில்பெர் உடனே எஞ்சினை முடுக்கினான். "ஸ்தோத்திரம்! திறந்துட்டாரு மாமா! பதிவாளர் போறதுக்குள்ள போயிடலாம்!"

நான் கதவைத் திறந்தேன்.

"மாமா? எங்க இறங்கறீங்க?"

"நீ போ. வழியில அவங்களை ஏத்திக்க. நிக்காத, போ."

"நீங்க வரலையா?"

எப்படிச் சொல்வது? ஒரு வருடம் அந்தக் கையை நான் பிடிக்கவில்லை. சாராய வாடை அடிக்கும் அதை இப்போது பிடித்தால் முறை உடையும். அதே முறைக்காகத் தலைகுனிந்த என் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் நான் என்ன சொல்வேன்? பிடிக்காமல், அந்தக் கை திறந்த வழியில் வண்டி ஏறிப் போய், கர்த்தர் திறந்தார் என்று மேடையில் நின்று எப்படிச் சாட்சி சொல்வேன்? அவர் திறந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் என்னை இறக்கிவிட்டது. வில்பெர் என் முகத்தைப் பார்த்தான், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவர்களை வழியில் ஏற்றிக்கொண்டான். நேரத்துக்குச் சேர்ந்தார்கள். ஃபோர்துனாத்தா தன் கையால் பெண்ணைக் கொடுத்தாள்.

தொரிபியோ என்னைப் பார்த்தபடி நின்றான். பிறகு, "நனையாதீங்க மூப்பரே" என்று தலைவழி மாட்டியிருந்த தன் போன்சோப் போர்வையைக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டு, தார்ப்பாய்க்குள் போனான். நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறியல்காரர்கள் கலிசாயா மூப்பரைக் கயிற்றால் கட்டிப் பிணையாக வைத்திருந்தார்கள், அதனால்தான் அவர் மகள் கல்யாணத்தைப் பார்க்கவில்லை என்று எங்கள் பகுதிச் சபைகளில் சொல்கிறார்கள். இரண்டு சபைகளில் என் விடுதலைக்காக நன்றி ஜெபமும் செய்தார்களாம். கயிறு எதுவும் இல்லை. என்னை ஒருவரும் தொடவில்லை. கற்கள் விலகித்தான் இருந்தன. அந்த இடைவெளியில் ஆலங்கட்டி வெள்ளையாகக் குவிந்து, வண்டிச் சக்கரத்தின் தடம் இரண்டு கோடாக நடுவில் போவதை, வெளிச்சம் இருந்தவரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.