சும்மா தட்டுக்கு ஒரு சொட்டு

அக்கா, போன வாரம் ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டாய். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரு கதையால் வந்த வினை. நான் எழுதிய கதை இல்லை.

என் வேலை உனக்குத் தெரியும். உப்புத் தண்ணீரில் தக்காளி நாற்று பிழைக்குமா என்று பார்ப்பது. ஜன்னலோரம் இரண்டு தட்டு, ஒவ்வொன்றிலும் நாற்பது நாற்று. இரண்டுக்கும் அதே உப்புத் தண்ணீர். இடது தட்டுக்கு மட்டும் கூடவே கடற்பாசிச் சாறு. வலது தட்டுக்கு ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே! அதற்கு நான் வைத்த பெயர் சும்மா தட்டு. மாதக் கடைசியில் இடது தட்டு நிமிர்ந்து, சும்மா தட்டு துவண்டிருந்தால் எனக்கு வேலை நீட்டிப்பு. இல்லாவிட்டால் விசா முடிந்தது, நேரே வீடு. ஏழு வாரம் சும்மா தட்டு அழகாக வாடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் எங்கள் இயக்குநருக்கு ஞானோதயம். ஆராய்ச்சிக் கட்டுரையை யாரும் படிப்பதில்லையாம், இலக்கியமாக்கினால் படிப்பார்களாம். எங்கள் கட்டுரைகளை அவரும் படித்ததில்லை என்பது வேறு விஷயம். ஓர் எழுத்தாளரை அழைத்து வந்து, தனி அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்தார். அதே மாதிரி நாற்காலிக்கு நான் எட்டு மாதமாக மனு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுத்தாளர் என் அறைக்கு வந்தார். நான் உப்பின் அளவு, வேரின் நீளம் என்று விளக்க, அவர் சும்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஏன் ஒண்ணுமே குடுக்கல?"

"குடுத்தா ஒப்பிட முடியாது சார்."

"பக்கத்துத் தட்டுக்குக் கிடைக்குதுன்னு இதுக்குத் தெரியுமா?"

"செடிக்கு என்ன சார் தெரியும்?"

"ஆகா! இந்த வரிய நான் எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொண்டார். 'நாற்பது அனாதைகள்' என்ற அவருடைய கதையில் வில்லன் பேசும் ஒரே வசனம் அதுதான். கடற்பாசிச் சாறு தாய்ப்பால் ஆகியிருந்தது. உப்பு கண்ணீர் ஆகியிருந்தது. நான் கையுறை போட்ட கல்நெஞ்சன் ஆகியிருந்தேன். வேரின் நீளம் எங்கும் இல்லை. அரங்கில் அதை அவர் வாசித்தபோது ஆளாளுக்கு மூக்கைச் சிந்தினார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆராய்ச்சின்னா இப்படி இருக்கணும்!" என்றார். அனாதைகளை எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று உத்தரவும் போட்டார். என் அறை வாசலில் பார்வையாளர் பதிவேடு வந்து உட்கார்ந்தது.

அடுத்த வாரம் சும்மா தட்டு தலை நிமிர்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. உப்பை மாற்றி அளந்துவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் சாறு பாட்டிலைப் பார்த்தேன். சின்ன வயதில், நீ குடித்துவிடுவாய் என்று ஜூஸ் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு உன்னிடம் குட்டு வாங்குவேனே, அந்தப் பழக்கம் இங்கேயும் விடவில்லை. தினமும் கோடு, பக்கத்தில் தேதி. சாறு மூன்று விரல் கூடுதலாக இறங்கியிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் திறந்தால், இயக்குநர் கையில் சொட்டுக் குழாய்.

"சார்! என்ன பண்றீங்க?"

"கத்தாதப்பா. ஒரு சொட்டுதான். பாவம்."

"நீங்களும் ஆராய்ச்சி பண்ணவர்தானே சார்?"

"அது அறிவு. இது மனசு."

மாதக் கடைசியில் இரண்டு தட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. எதிர்பார்த்த வித்தியாசம் தெரியாததால் நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வந்தது. கையெழுத்து, மனசு உள்ள அதே மனிதர். அனாதைச் செடிக்காக வந்த கண்ணீர் எனக்காக வரவில்லை.

அன்றுதான் பெட்டியை இழுத்தேன். பாதி மடிக்கும்போது பதிவேடு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அதையும் நான் கோடும் தேதியும் போட்ட பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சாறு கூடுதலாக இறங்கிய ஒவ்வொரு நாளும் யாரோ வந்திருக்கிறார்கள். காவலாளி, நூலகத்து அம்மா, இயக்குநர் நான்கு முறை. கதை எழுதியவர் பெயர் மட்டும் ஒரு நாள்கூட இல்லை.

என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியை இரண்டையும் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். நான் பின்னால் நின்றேன்.

"சார், இத அப்படியே அறிக்கையில சேர்க்கட்டுமா? இல்ல, உங்க எழுத்தாளர்கிட்ட குடுத்துக் கதையாக்கட்டுமா?"

இயக்குநர் தண்ணீர் குடித்தார். "திரும்பப் பண்ண எத்தனை மாசம் வேணும்மா?"

"மூணு. கதவுக்குப் பூட்டும் வேணும்."

சாவி இப்போது என் கழுத்தில். பெட்டி கட்டிலுக்கு அடியில். நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, அந்தச் செடிக்கும் ஒரு சொட்டு ஊத்தினா உன் கை என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள்.

அக்கா, என்னைப் பார்க்க வர அம்மாவுக்கு டிக்கெட் போடப் போவதாகச் சொன்னாயே. மூன்று மாதம் கழித்துப் போடு.