இரண்டு நாள் காய்ச்சல்

ஆறு வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை. மலாயாவின் கிந்தா ஆறு வற்றிப்போய் கணுக்கால் அளவுக்குத்தான் ஓடியது. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து துணி துவைக்க வந்த ராக்காயி, ஆற்று நடுவில் வெளியே தெரிந்த பெரிய மரக்கட்டையில் ஒரு தூண்டில் கயிறு சிக்கிக் கிடப்பதைக் கண்டாள். ரப்பர் பாலில் ஊறிக் கறுத்த கயிறு, முழத்துக்கு ஒரு முடிச்சு. தோட்டத்தில் எத்தனை பேர் மீன் பிடித்தாலும் இப்படி முடிச்சுப் போடுகிற கிறுக்கன் ஒருவன்தான். அவள் புருஷன் பத்துமலை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எட்டு மாதமாக அவளை லயக் குடியிருப்புப் பெண்களின் வாய்க்கு அவலாக்கிவிட்டு ஓடின பாவி, போகிற போக்கில் தூண்டிலை இங்கேயா எறிந்துவிட்டுப் போனான்? பிறகுதான் உறைத்தது. அந்த மனுஷன் பெண்டாட்டியை விட்டாலும் விடுவான், தூண்டிலை விடமாட்டான்.

ஈயம் எடுக்கிற லம்பத்துக்கு ஓடிவிட வேண்டும் என்று தினம் புலம்புகிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பவில்லை. சரி, சொன்னதைச் செய்துவிட்டான் என்று நினைத்தாள். தோட்டத்தில் ஓடினவனின் பெண்டாட்டி என்ன செய்வாளோ அதையே அவளும் செய்தாள். விடிகாலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டபோது, "காய்ச்சலுங்க, எந்திரிக்க முடியல" என்றாள். மறுநாளும் அதே காய்ச்சல். இரண்டு நாள் கிடைத்தால் ஆள் ஈப்போ நகரத்தைத் தாண்டிவிடலாம். பிடிபட்டால் முதுகில் தோல் மிஞ்சாது. மூன்றாம் நாள் குட்டு உடைந்ததும் கங்காணியின் ஆட்கள் பத்து காஜா ஊருக்குப் போகிற சாலையைத்தான் சல்லடை போட்டார்கள். ஆற்றுப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

ராக்காயி கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மறுமுனை கட்டைக்கு அடியில், மணலுக்குள் போனது. கை ஓய்வாக இருக்கட்டும் என்று அவன் அந்த முனையை எப்போதும் அரைஞாணில்தான் முடிந்துகொள்வான்.

"தொடாத, ராக்காயி. நான் போயி ஆம்பளைங்கள கூட்டியாறேன்" என்றாள் கூட வந்த பக்கத்து வீட்டு நல்லம்மாள்.

"அக்கா, நான் காய்ச்சல்னு பொய் சொன்னேனே, அன்னிக்கு ஆத்துல தண்ணி எம்புட்டு இருந்துச்சு?"

"நெஞ்சளவு இருக்கும். கட்டையில கால் மாட்டினாலும் தல வெளியதான் இருக்கும். வெள்ளம் மூணா நாளுதானே வந்துச்சு."

ராக்காயி கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

நல்லம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டா நாளு, ஆத்துல யாரோ கூப்புடற மாரி இருக்குன்னு எம் மவன் ராமையா ஓடியாந்தான். கொரங்குதான், போயி வேலையப் பாருன்னு நீதான் வெரட்டுன."

ஆமாம், அவள்தான் விரட்டினாள். அந்தக் குரல் அவள் காதிலும் விழுந்திருந்தது; அது குரங்கு இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரியும். இன்னும் கிளம்பாமல் ஆற்றோரம் ஒளிந்திருக்கிறவன் இப்படியா சத்தம் போடுவான், தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொள்கிறானே என்று அவன்மேல் எரிச்சல்கூடப் பட்டாள்.

நல்லம்மாள் கரையேறி லயத்தை நோக்கி ஓடினாள். ராக்காயி கட்டையருகே மண்டியிட்டு, இரண்டு கையாலும் மணலை வாரி வாரிப் போட்டாள். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறி மணல் சரிந்தது.

"வாரேன்" என்றாள் குனிந்து. "இந்தா, வந்துட்டேன்."