மோதிர விரலின் ஓரம்

மனைவி கார்த்திகா செத்துப்போன பிறகு தனுஷ்கோடிக்கு எதையும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அவள் தங்கை முனீஸ்வரியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி மாமியார் செல்லத்தாய் கேட்டபோதும் அப்படித்தான் இருந்தான். மடவார் வளாகத்துக் கோயிலில் வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று இன்று வரச்சொல்லியிருந்தாள். சரி என்று சொல்லிவிடுவோம் என்றே ராஜபாளையத்தில் பஸ் ஏறினான்.

கோயில் வாசலில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். முனீஸ்வரியைக் கூட்டி வந்திருந்த செல்லத்தாய், இரண்டு பேரும் ரத்த வகை பார்த்துவிடட்டும் என்றாள். விரலில் குத்தி எடுக்கும் அம்மாள், முன்னே எடுத்ததுண்டா என்று முனீஸ்வரியிடம் கேட்டாள். இல்லையென்று தலையாட்டியவள், இடது கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டாள். மோதிர விரலை நடுச்சதை காட்டாமல் ஓரமாகத் திருப்பி நீட்டினாள். குத்தியதும் பஞ்சை எடுத்து முதல் சொட்டைத் தானே துடைத்தாள். விரலை அமுக்காமல் அடுத்த சொட்டு திரளக் காத்திருந்தாள்.

“ஏட்டி, என் சோலியப் பூரா நீயே பாத்துட்டயே” என்று சிரித்தாள் அந்த அம்மாள்.

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. அத்தனையும் அவன் கார்த்திகாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. கர்ப்பத்தில் சர்க்கரை என்று தெரிந்ததும் மீட்டர் வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தன் விரலில் குத்திக் காட்டினான். நடுவில் குத்தினால் வலிக்கும், முதல் சொட்டு ஆகாது, பிழிந்தால் சதைநீர் கலந்து எண் தப்பும் என்றான். காலையில் அவன் மில்லில் இருப்பான். அவள் மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவாள். எண்கள் நன்றாக இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் டாக்டர் இன்சுலின் இப்போது வேண்டாம் என்றார். எட்டாம் மாதம் மயங்கி விழுந்தவளை மதுரைக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை எகிறிக் கிடந்தது. தாயும் தங்கவில்லை, பிள்ளையும் தங்கவில்லை. மீட்டர்தான் ஏமாற்றிவிட்டது என்று அதைக் கல்லில் போட்டு உடைத்தான். பேறுகாலத்துக்கு உதவ வந்து அவர்களோடு இருந்த முனீஸ்வரி, சில்லுகளைக் கூட்டி அள்ளினாள்.

“அந்தப் படத்துல இருந்ததெல்லாம் ஒன் ரத்தமா?” என்று முனீஸ்வரியிடம் கேட்டான்.

அவள் பஞ்சை விரலோடு பிடித்தபடி நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஊசி போடச் சொல்லிருவாகன்னு அக்கா அம்புட்டுப் பயந்தா, மச்சான். நாலு நாளைக்குத்தான்னு கெஞ்சுனா. பொறவு நிறுத்த முடியல.”

“அத்தைக்கும் தெரியுமா?”

முனீஸ்வரி தாயைப் பார்த்தாள். செல்லத்தாய் கையிலிருந்த பூப்பொட்டலத்தின் நூலை இறுக்கினாள்.

“செத்த நேரத்துல நடை சாத்திருவாக. உள்ள வாங்க மாப்ளே.”

“நான் வரல அத்தை. இதுக்குன்னு இனிமே என்னயக் கூப்பிட வேண்டாம்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை எடுத்தான். கார்த்திகா கடைசியாக அனுப்பியவை என்று அந்தப் படங்களை அழிக்காமல் வைத்திருந்தான். தூக்கம் வராதபோதெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்பான். இப்போது திறக்கவில்லை. கண்டக்டர் வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ராஜபாளையத்துக்குச் சீட்டு வாங்கினான்.