குகதாசன் வீட்டுச் சாமத்தியமும் பிறேக் இல்லாத மோட்டார்சைக்கிளும்

என் அண்ணர் குகதாசனுக்கு எதையும் பாதி மட்டும் விளங்கிக்கொள்ளும் அபாரத் திறமை உண்டு. மீதிப் பாதியை வாயாலேயே நிரப்பிவிடுவார். நான் ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் என்ற இடத்தில் ஒரு பார்னஹாகேயில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைகூடத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும். அண்ணர் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டார்.

ஆங்கிலத்தில் படித்தால்தான் பிள்ளை டொக்டராகும், நோர்வேயில் இருந்தால் பனியில் சறுக்கத்தான் பழகும் என்று சொல்லிக்கொண்டு, கைக்குழந்தையாக இருந்த மகள் யதுர்ஷாவையும் மச்சாள் அருள்ராணியையும் கூட்டிக்கொண்டு ஒஸ்லோவைவிட்டு இங்கிலாந்துக்குப் போனவர் அவர். அங்கே ஒரு சிறிய நகரத்தில் மலிவாக வீடு வாங்கினார். ஏன் மலிவு என்று கேட்கவில்லை. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்பீட்வே மைதானம் இருந்தது. கோடை முழுவதும் வாரத்தில் ஒரு மாலை மோட்டார்சைக்கிள்கள் அலறும், காயப்போட்ட துணியெல்லாம் செம்மண் படியும். அண்ணர் நகரசபைக்கு முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்க, அவருடைய மகள் மதிலில் ஏறியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயதில் மதிலுக்கு அந்தப் பக்கமே போய்விட்டாள்.

ஸ்பீட்வே தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், முட்டை வடிவில் ஒரு மண் பாதை, நாலு சுற்று. வளைவெல்லாம் இடப்பக்கம்தான். இரும்பு அடி போட்ட இடது சப்பாத்தை மண்ணில் ஊன்றி, பின்சக்கரம் வெளியே வழுக்கிக்கொண்டு போக, வண்டியைச் சரித்துப் பிடித்தபடி வளைவார்கள்.

அங்கே பிள்ளைகளைப் பழக்குகிறவள் கிறிஸ்ரி என்ற வெள்ளைக்காரி. ஒரு காலத்தில் தானும் ஓடி, உடம்பில் முறியாத எலும்பு இல்லை என்று பெயரெடுத்தவள். அவளிடம் சேரும் பிள்ளைகள் முதலில் விழப் பழகவேண்டும். பயிற்சி முடிந்ததும் பாதையின் மண்ணை அவர்களே வாரிச் சமப்படுத்தவேண்டும். நன்றாக ஓடினால் ஒன்றும் சொல்லமாட்டாள், பிழைவிட்டால் மட்டும் கூப்பிடுவாள். முதல் வருடம் அவளைச் சந்திக்கப் போன அண்ணர் கேட்ட கேள்வி, "இதிலை எத்தனை கிரேட் இருக்கு? சேர்ட்டிபிக்கற் எப்ப தருவியள்?" வயலினுக்கும் பரதநாட்டியத்துக்கும் கேட்டுப் பழகிய வாய். அரங்கேற்றம் எப்போது என்று கேட்காமல் விட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சேர்ட்டிபிக்கற் இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது. இரண்டு வருடமாகச் சொந்தக்காரர்களிடம் மகள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள் என்றுதான் சொன்னார். பிறகு ஒரு நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் யதுர்ஷாவின் படம் வந்தது. அன்று பின்னேரமே அண்ணர் ஸ்பீட்வேயின் தகப்பனாகிவிட்டார். "நான்தான் அவளை உருவாக்கினனான்" என்று தொலைபேசியில் எனக்கே சொன்னார். அவர் உருவாக்கியது முறைப்பாடுகளை மட்டும்தான்.

இந்தக் கோடையில் கிறிஸ்ரி தன் பிள்ளைகளையும் அவர்களுடைய மோட்டார்சைக்கிள்களையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நோர்வேக்கு வந்தாள். ஒஸ்லோவுக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் ஒரு பாதையில், ஞாயிற்றுக்கிழமை, பல நாட்டுப் பிள்ளைகளுக்கான போட்டி. அதில் ஓடுகிறதைப் பார்த்துத்தான் பிரித்தானிய இளையோர் அணிக்கும் பொறுப்பாக இருக்கிற அவள் அதற்கு இரண்டு பேரை எடுப்பாள். யதுர்ஷாவுக்குப் பதினைந்து வயது. அவள் நாலு வருடமாகக் காத்திருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

அண்ணருக்கு அந்தப் பயணத்தில் வேறொன்று தெரிந்தது. சொந்தமெல்லாம் ஒஸ்லோவில், மகளும் வருகிறாள், மோட்டார்சைக்கிளும் வருகிறது. பெரியபிள்ளையாகி இரண்டு வருடமாகியும் நடக்காத சாமத்தியவீட்டைச் சனிக்கிழமையே குரோருட்டில் ஒரு மண்டபத்தில் வைத்துவிட்டார். மறுநாள் போட்டி இருக்கிற பிள்ளையை முதல்நாள் மேடையில் இருத்தி ஆலாத்தி எடுக்கிற மூளை வேறு யாருக்கு வரும்?

"மாமி, இது இப்ப தேவையோ?" என்று வெள்ளிக்கிழமை இரவு யதுர்ஷா என்னிடம் கேட்டாள்.

"உனக்குத் தேவையில்லை. கொப்பருக்குத் தேவை" என்றேன்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அலங்கரித்த மோட்டார்சைக்கிளில் தன்னை இருத்தி உறவுப் பொடியன்கள் தள்ளிக்கொண்டு வரட்டும், ஆனால் அதை ஒருவரும் ஸ்ரார்ட் பண்ணக்கூடாது. அண்ணர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அவருடைய தலையில்தான்.

சனிக்கிழமை குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிய மல்லிகைச் சரங்களையெல்லாம் அந்த வண்டிக்குச் சுற்றினார்கள். மறுநாளுக்காகக் கிறிஸ்ரி துடைத்து, எண்ணெய் போட்டு, எரிபொருள் நிரப்பி வைத்த வண்டி அது. கிறிஸ்ரிக்கும் மச்சாள் ஒரு சேலையைச் சுற்றிவிட்டிருந்தாள். அவள் எத்தனை ஊசி குத்தியிருக்கிறது என்று தெரியாமல் அசையாமல் நின்றாள்.

படம்பிடிக்க வந்தவன் சாய் என்ற சென்னைப் பையன். கிழமை நாட்களில் கணினி வேலை, சனி ஞாயிறுகளில் எங்கள் கொண்டாட்டங்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவன் முகத்தைச் சுளித்தான்.

"அங்கிள், தள்ளிக்கிட்டு வந்தா மாஸா இருக்காது. சவுண்ட் வேணும். நீங்களே கார் பார்க்ல இருந்து ஓட்டிட்டு வாங்க. வாசல்ல கேமரா முன்னாடி பிரேக் போட்டு ஸ்டைலா நில்லுங்க. பொண்ணை ரேஸராக்கின அப்பான்னு ஒரு ஷாட்!"

அண்ணருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பட்டு வேட்டி, பட்டுச் சால்வை, கறுப்புக் கண்ணாடியோடு ஏறி உட்கார்ந்தார். வண்டியிலிருந்து ஒரு சின்னக் கயிறு தொங்கியது. ஓட்டுகிறவர் அதைக் கைமணிக்கட்டில் மாட்டிக்கொள்ளவேண்டும். விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் தானாக நின்றுவிடும். அண்ணர் அது ஏதோ பூச்சரத்தின் நூல் என்று நினைத்து ஒதுக்கிவிட்டார்.

அலங்காரம் முடிந்து வாசலுக்கு வந்த யதுர்ஷா கத்தினாள். "அப்பா, இறங்குங்கோ! அதிலை பிறேக் இல்லை!"

அண்ணர் சிரித்தார். எல்லாரும் கேட்கவேண்டும் என்று உரத்துச் சொன்னார். "பிறேக் இல்லாத மோட்டச்சைக்கிள் உலகத்திலை எங்கையேனும் இருக்கோ பிள்ளை? நான் ஊரிலை எத்தினை மோட்டச்சைக்கிள் ஓடினனான்!"

நாலு வருடம். நாலு வருடமாக மகள் பிறேக் இல்லாத வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஸ்பீட்வே வண்டி எதற்கும் பிறேக் கிடையாது என்பது அந்த விளையாட்டின் முதலாவது பாடம். எனக்கும் அந்த நிமிடம்வரை தெரியாதுதான், ஆனால் நான் யாரையும் உருவாக்கியதாகச் சொல்லித் திரியவில்லை. அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் வளைவுக்குள் போகும்போது இந்த மனிதர் எங்கே பார்த்துக்கொண்டு நின்றார் என்று கோபம்தான் வந்தது.

பொடியன்கள் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது. அதன்பிறகு நடந்ததைச் சாயின் கமரா மிக அழகாகப் பிடித்து வைத்திருக்கிறது. அண்ணரின் வலது கால் இல்லாத பிறேக்கைத் தேடி மிதிக்கிறது. கிடைக்காத பயத்தில் கைப்பிடியை இறுக்கி முறுக்குகிறார்; வேகம் கூடுகிறது. வாசல் வாழை, வரவேற்புப் பலகை, பலகாரத் தட்டுகள், யாரோ ஒரு மாமியின் கைப்பை, எல்லாம் வரிசையாகப் போகின்றன. வேட்டி சங்கிலிக்குள் அகப்பட்டது. நல்லவேளை, அது ஒட்டு வேட்டி. டர்ரென்று கழன்று அது வண்டியோடு போக, அண்ணர் அரைக் காற்சட்டையோடு செவ்வந்தித் தட்டங்களுக்குள் போய்ச் சேர்ந்தார். இத்தனை பேர் கூடிநின்று செய்த அர்ச்சனையில் அதுதான் உருப்படியானது.

வண்டி சுவரில் மோதிச் சரிந்து கிடந்து அலறியது. பின்சக்கரம் பட்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிக்கொண்டேயிருந்தது. கிட்டப் போக ஒருவருக்கும் துணிவில்லை. யதுர்ஷா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து, குனிந்து, அந்தச் சின்னக் கயிற்றை இழுத்தாள். சத்தம் நின்றது.

அண்ணர் எழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. கூடிநின்றவர்களைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிறேக் பிடிக்கேல்லை."

யதுர்ஷா அவரைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் நெளிந்திருந்தது, கைப்பிடி ஒரு பக்கம் திரும்பிவிட்டது. நாளைக்கு ஓட வேறு வண்டி அவளுக்கு இல்லை.

கிறிஸ்ரி வான் கதவைத் திறந்து, வேறொரு சக்கரத்தையும் கைப்பிடியையும் கருவிப் பெட்டியையும் எடுத்துவந்து நிலத்தில் வைத்தாள். பிறகு சேலையை ஒரே இழுவையில் கழற்றிக் கதிரையில் போட்டாள். உள்ளே காற்சட்டையோடுதான் வந்திருந்தாள். அவளும் யதுர்ஷாவும் கார்த் தரிப்பிடத்தில் வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்கள். நான் போய் மருமகளின் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காசுமாலையும் ஒட்டியாணமும் போட்ட பிள்ளை கையெல்லாம் கிரீசோடு சக்கரம் கழற்றுகிற கோலத்தை எந்தப் பட அல்பத்திலும் பார்க்க முடியாது.

"நல்ல நேரம் போகுது. உள்ளுக்கு வாவன் பிள்ளை" என்று புது வேட்டியோடு அண்ணர் வந்தார். "ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம். வண்டியைப் பிறகு பாக்கலாம்."

"பிறகு இல்லை, அப்பா" என்றாள் யதுர்ஷா, தலையை நிமிர்த்தாமல்.

ஆட்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். மரக்கறிப் பிரியாணி என்றால் எங்கள் ஆட்கள் பூப்பெய்திய பிள்ளை இல்லாமலும் சாமத்தியவீட்டை நடத்திவிடுவார்கள்.

சக்கரம் நேராகச் சுற்றத் தொடங்கியபோது கிறிஸ்ரி கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். போட்டியில் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு பெரியவர் உள்ளே நிற்கவேண்டும். வண்டியைத் தள்ள, துடைக்க, பார்க்க. "நாளைக்கு உன்னோடு யார் நிற்கப்போகிறது?"

அண்ணர் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தார். யதுர்ஷா கிரீஸ் விரலால் என்னைக் காட்டினாள்.

"எனக்கு இதிலை ஒரு மண்ணும் தெரியாது, பிள்ளை" என்றேன்.

"பிறேக் இல்லையெண்டு தெரியும்தானே, மாமி. அது காணும்."

அண்ணர் யாரோ கூப்பிட்டதுபோல மண்டபத்துக்குள் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வேலிக்கு உள்ளே, அண்ணர் வேலிக்கு வெளியே. என்னுடைய முக்கியமான வேலை யதுர்ஷாவின் தலைக்கவசத்துக்கு நிற உறை மாட்டுவது. சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள். எந்த இடத்திலிருந்து புறப்படுகிறார்களோ அதற்கேற்ற நிறம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும். முதல் ஓட்டத்தில் அவளுக்கு மஞ்சள் விழுந்தது. இரண்டாவதாக வந்தாள். அடுத்ததற்கு நீலம் மாட்டினேன், பிறகு சிவப்பு. நீலத்தில் ஒரு தடவை விழுந்தாள். வண்டியை விட்டு உருண்டு, பாதையின் உட்பக்கம் போய் எழும்பி நின்றாள். கிறிஸ்ரி முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். என் நெஞ்சு திரும்ப ஓடத் தொடங்க அவளைவிட அதிக நேரம் எடுத்தது. பிறகு அவள் ஓடியதெல்லாம் வெற்றி. கடைசி ஓட்டத்தில் வெளிப்பக்கமாகச் சுற்றிவந்து இரண்டு பொடியன்களைத் தாண்டியபோது நான் கத்திய கத்தலில் நோர்வேஜியனும் தமிழும் கலந்து வந்தது.

எல்லாம் முடிந்ததும் கிறிஸ்ரி வந்தாள். பிழை சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "நீலத்தில் விழுந்தது உன்னுடைய அவசரம்" என்றாள். பிறகு, "அணியில் இருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யதுர்ஷா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். அண்ணர் கம்பிவேலிக்கு மேலால் கைபேசியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, முழுக்க உன்னைத்தான் எடுத்தனான். மஞ்சள் தொப்பியை ஒரு செக்கன் விடேல்லை. குறூப்பிலையும் போட்டாச்சு. கனடாவிலையிருந்தெல்லாம் ஹார்ட் வருது!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் ஓட்டத்தில் மஞ்சள் அவள். அடுத்ததில் மஞ்சள் ஒரு டென்மார்க் பொடியன். அதற்கடுத்ததில் யாரோ ஒரு சுவீடன் பிள்ளை. அவள் விழுந்ததோ, அந்த இரண்டு பேரைத் தாண்டியதோ எங்கேயும் இல்லை. அவள் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தாள்.

"இதிலை முதலாவது மட்டும்தான் நான், அப்பா. மிச்சமெல்லாம் வேறை பிள்ளையள்."

அண்ணர் கைபேசியைத் திருப்பி வாங்கி ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பரவாயில்லை பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் யதுர்ஷா. வண்டிப் பக்கம் திரும்பி, சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள். "மாமி, அந்த வாளியைத் தாங்கோ."