‘சரி’ என்று பதிவானது

அந்த மாநகர மன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் ‘சரி’. அதைச் சொல்லிக்கொடுத்ததே தையல்காரிதான். பிறகு யாரை நோவது?

அவள் உறுப்பினராகப் பதவியேற்ற அன்று, தலைவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கேள்வி கேட்டார். நல்ல மனுஷர், அவருக்கு எல்லோரையும் சந்தோஷப்படுத்திப் பார்க்க வேண்டும். “உங்கள் மொழியில் ஒன்றை ஏற்றுக்கொண்டால் என்ன சொல்வீர்கள்?” கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளன் கேள்வியை அவள் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் போட்டான். அவள் யோசிக்கவே இல்லை. “சரி” என்றாள். தலைவர் அதை நாக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு “ஸரீ” என்றார். சபையே கைதட்டியது. அன்றிலிருந்து மாடிப்படியில், காபி மேசையில், கார் நிறுத்துமிடத்தில், எங்கே அவளைக் கண்டாலும் ஆளுக்கொரு ‘ஸரீ’. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். வீட்டில் தங்கையிடம் ஒவ்வொருவரும் சொல்வதை நடித்துக் காட்டி வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

ஆனால் நம்மவர்கள் போனில் பேசுவதைக் கேட்டிருப்பீர்களே. எதிர்முனையில் ஒருத்தி மாமியாரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பாள். இந்தப் பக்கம் “சரி… ம்… சரி சரி” என்று போய்க்கொண்டிருக்கும். நீ சொல்வது நியாயம் என்றா அதற்கு அர்த்தம்? காது கேட்கிறது, மேலே சொல் என்று அர்த்தம். போதும், அடுப்பில் பால் பொங்குகிறது என்றும் அர்த்தம். இதையெல்லாம் பதவியேற்பு விழாவில் யார் விளக்கிக்கொண்டிருப்பார்கள்?

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் அவள் தையல் கடை. கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்துப் போனவர்களின் சட்டையைப் பிடிப்பது, பெருத்துப் போனவர்களின் சட்டையைப் பிரிப்பது. பெருத்தவர்கள்தான் அதிகம் என்பாள். அப்படிப்பட்டவள் தேர்தலில் நின்றது ஒரே ஒரு காரியத்துக்காக. நகரப் பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில், நம் மொழி பேசும் ஒரு பெண் இரவும் பகலும் முறை வைத்து உட்கார்ந்திருப்பாள். ‘மொழித் துணை’ என்று பெயர். டாக்டர் சொல்வதை வந்தவளுக்கும், வந்தவள் சொல்வதை டாக்டருக்கும் சொல்ல ஒரு ஆள். அதை எடுத்துவிட்டு ஒரு டெலிபோன் நம்பர் வைத்தால் போதும் என்று மன்றத்தில் சிலர் கிளம்பியிருந்தார்கள்.

அந்தத் துணை இல்லாத காலத்தில்தான் அவள் தங்கை முதல் பிரசவத்துக்குப் போனாள். வயிற்றிலேயே பிள்ளை போய்விட்டது. வெறுங்கையோடு வந்தாள். என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் சுவரைத் திரும்பிப் பார்ப்பாள். கடைசியில் அக்காவே விஷயத்தை ஊகித்துக்கொண்டாள். தேர்தலின்போது தெருத்தெருவாகப் போய், “என் தங்கச்சிய அங்க யாரும் ஒரு வார்த்தை கேக்கல, நாயா நெனச்சுட்டாங்க” என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாள். தங்கை பக்கத்திலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் போட்டார்கள். இப்போது அவளுக்கு மறுபடி நிறைமாதம். அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்த நாளில், நகரும்போதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே பார்வையாளர் வரிசையில் நம்மவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

மன்றத்தில் மொத்தம் ஒன்பது பேர். செயலாளரம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட, அவரவர் மைக்கில் வாயால் சொல்ல வேண்டும். சுவரில் உள்ள பலகையில் அவர் இருக்கைக்கு நேராகப் பச்சையோ சிவப்போ எரியும். தீர்மானத்தைக் கொண்டுவந்த மருந்துக்கடைக்காரர் பச்சை. முன்னாள் பஸ் டிரைவர் சிவப்பு. இப்படி மாறி மாறி எரிந்து, நாலு பச்சை, நாலு சிவப்பு. புதியவள் என்பதால் தையல்காரிதான் கடைசி. அவள் வாக்கில்தான் எல்லாம் இருக்கிறது என்பது மேலே இருந்தவர்களுக்கும் தெரியும். ஒருவர் இருமினால்கூடப் பக்கத்தில் இருந்தவர் முறைத்தார்.

செயலாளரம்மா அவளைக் கூப்பிட்டார். அவள் பொத்தானை அழுத்தினாள். மைக்கில் சிவப்புப் பொட்டு எரிந்தது. செயலாளரம்மா கேள்வியைப் படித்தார். அவர்கள் மொழியில் ‘ஏற்கிறீர்களா’ என்பது முதலிலேயே வந்துவிடும், மற்றதெல்லாம் பின்னால் இழுபட்டு வரும். நம் மொழியில் அது கடைசியில்தான் வரும். பாவம், மொழிபெயர்ப்பாளன் என்ன செய்வான்? மற்றதையெல்லாம் முதலில் சொல்லிக்கொண்டு வந்தான்.

“அக்கா, பெரிய ஆஸ்பத்திரி பிரசவப் பிரிவுல இருக்கிற மொழித் துணைய…”

“சரி,” என்றாள் தையல்காரி, மைக் பக்கம் குனிந்தபடி.

“…அடுத்த மாசத்திலேர்ந்து எடுத்துட்டு, அதுக்குப் பதிலா…”

“சரி, சரி.”

அவள் ‘கூடாது’ என்ற சொல்லை வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டு, அவன் முடிப்பதற்காகக் காத்திருந்தாள். நாலைந்து நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பழகியிருந்தாள். அதற்குள் செயலாளரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்து அன்போடு சிரித்தார். இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளன் எதற்கு? அவருக்கே தெரியுமே! பொத்தானைத் தட்டினார். பலகையில் அவள் இருக்கைக்கு நேராகப் பச்சை எரிந்தது. தலைவர், “ஐந்துக்கு நான்கு. தீர்மானம் நிறைவேறியது” என்று மேசையைத் தட்டினார். பத்து நிமிட இடைவேளை என்றும் சொன்னார்.

தையல்காரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ வேறொருவர் விளக்கு மாறி எரிகிறது என்றுதான் நினைத்தாள். தன் இருக்கை எண்ணைக் குனிந்து பார்த்தாள். பலகையை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, “ஸரீ!” என்றார். அந்தக் கையை உதற வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பாளன் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, என்னக்கா இது?”

“என்னடா நடந்துச்சு? நீ இன்னும் முடிக்கவே இல்லியே! நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே!”

“சரின்னு சொன்னீங்களே அக்கா. மைக் ஆன்ல இருந்துச்சு.”

“கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன்டா! அதுக்குப் பேர் ஓட்டா? அடப் பாவிகளா!”

இருவரும் செயலாளரம்மாவிடம் ஓடினார்கள். விஷயம் புரிந்ததும் அந்த அம்மாள் வெளிறிப் போனார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “கடவுளே, நான் மரியாதையாகத்தானே…” என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். கெட்டவர் இல்லை. ஆனால் விதி விதிதான். தலைவர் அறிவித்துவிட்ட வாக்கை மாற்ற முடியாது. தவறாகப் பதிவானது என்று புகார் கொடுக்கலாம், விசாரணை நடக்கும், மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தீர்மானம் செல்லும். அடுத்த மாதம் பிரசவப் பிரிவில் அந்த நாற்காலி காலி.

பஸ் டிரைவர் பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளன் அதைக் கேட்டுவிட்டு உடனே சொல்லவில்லை.

“என்னடா, சொல்லு!”

“ஒரு வழி இருக்காம் அக்கா. தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டுப் போட்டவங்க யாராவது, இன்னிக்குக் கூட்டம் முடியறதுக்குள்ள, எனக்கு மனசு மாறிடுச்சு, மறுபடி எடுங்கன்னு கேட்டா, மறுபடி எடுத்தே ஆகணுமாம்.”

“அந்த நாலு பேர்ல எவன் கேப்பான்?”

“அவங்க கேக்க மாட்டாங்க. நீங்க கேக்கலாம். பலகையில நீங்களும் பச்சைதான.”

“கேட்டாப் போச்சு! இதுக்கா மென்னு முழுங்கறே?”

“தப்பா பதிவாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை வாய்ல வரக்கூடாது அக்கா. வந்தா அது ஓட்டே இல்லேன்னு ஆயிடும். அப்புறம் மறுபடி கேக்கற உரிமையும் போயிடும். தெரிஞ்சேதான் ஆதரவா போட்டேன்னு நீங்களே சொல்லணும். எல்லார் முன்னாடியும்.” அவன் கண்ணை மட்டும் தூக்கி மேலே காட்டினான்.

மேலே நம்மவர்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பலகையையே பார்த்தபடி நின்றார்கள். தங்கை மட்டும் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

“ஓடிப் போய் அவகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.” அவள் திரும்பினாள். மணி அடித்துவிட்டது.

தையல்காரி எழுந்து நின்றாள். மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர் ஏமாந்த ஆள் இல்லை. மோப்பம் பிடித்துவிட்டார். சட்டென்று எழுந்து, “உறுப்பினர் முதல் வாக்கைப் புரிந்துகொண்டுதான் அளித்தாரா? இல்லை, கவனக்குறைவா? அதை அவர் வாயால் கேட்க வேண்டும்” என்றார். தலைவர் அவளைப் பார்த்தார். மைக்கில் சிவப்புப் பொட்டு எரிந்தது.

எத்தனையோ பேர் வீட்டுத் திண்டாட்டத்தையெல்லாம் தன் திண்டாட்டமாக நினைத்து இங்கே வந்து உட்கார்ந்தவள், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்:

“தெரிஞ்சேதான் போட்டேன். துணைய எடுக்கறதுக்கு ஆதரவாத்தான் போட்டேன். இப்ப மனசு மாறிட்டேன்.”

மேலேயிருந்து ஒரு பெண் குரல் பிய்த்துக்கொண்டு வந்தது. “எங்கள வித்துட்டியேடி!” அடுத்த குரல், அதற்கடுத்த குரல். நாற்காலிகள் இழுபட்டன. காவலர் மேலே ஓடினார். தையல்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். போன வாரம்தான் அந்தப் பெண்ணின் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தாள்.

மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. அவள் முறை வந்தபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மொழிபெயர்ப்பாளன் கடைசி எழுத்துவரை சொல்லி முடித்து, “அவ்ளோதான் அக்கா” என்ற பிறகுதான் கையை எடுத்தாள். அவர்கள் மொழியிலேயே ‘இல்லை’ என்றாள். சிவப்பு எரிந்தது. தீர்மானம் தோற்றது. மொழித் துணை இருக்கும். நியாயமாகப் பார்த்தால் அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

வெளியே படிக்கட்டில் நம்மவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், தரையில் எதையோ மிதித்துவிடாமல் ஒதுங்குகிற மாதிரி. “பயந்துட்டா, அதான் மாத்திப் போட்டா,” என்றார் ஒருவர், அவள் காதில் விழட்டும் என்றே. இரண்டு படி கீழே மருந்துக்கடைக்காரர் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனாலும் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இவர் காதில் ஒரு சொல் விழுந்து, அது சுற்றி வளைத்து அந்தப் பலகைக்கே போய், மறுவாக்கே செல்லாது என்றாகிவிட்டால்?

கடைசியாகத் தங்கை வந்தாள், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. அக்கா எதிரே வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்றே தையல்காரி நினைத்தாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

“நீ ஓட்டே போடல,” என்றாள் தங்கை மெதுவாக. “அவன் சொல்றத கேட்டுக்கிட்டு சரி சரின்னு சொல்லியிருக்கே. அவங்க எழுதிக்கிட்டாங்க. அதான?”

தையல்காரி அதிர்ந்து போய்ப் பார்த்தாள். “ஒனக்கு எப்படிடி…”

“எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?” என்றாள் தங்கை. “அன்னிக்கு அந்த டாக்டரம்மா என்னைக் கேட்டாங்க அக்கா. கேக்கலேன்னு நீ எல்லா வீட்லயும் சொன்னே, நானும் வாய மூடிக்கிட்டு பக்கத்துல நின்னேன். கேட்டாங்க. ரெண்டு மூணு தடவ கேட்டாங்க. கைய வயித்து மேல வச்சு, நல்ல முகமாத்தான் கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பெரியவங்க பேசறாங்களேன்னு மரியாதைக்குத் தலைய ஆட்டினேன். பின்னாடி அவங்க பாஷை கொஞ்சம் பிடிபட்டப்பறம்தான் அது என்ன கேள்வின்னே எனக்குத் தெரிஞ்சுது.”

“என்னடி கேட்டாங்க?”

“பிள்ளை அசையுதான்னு கேட்டிருக்காங்க,” என்றாள் தங்கை. “மத்தியானத்திலேர்ந்தே அசையல அக்கா. நான் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டேன்.”